கடிக்காத சுருட்டை

முதலில் வலிக்கவில்லை. நாற்றம்தான் வந்தது. அடுப்பில் கோழி இறகு விழுந்தால் ஒரு நாற்றம் வருமே, அதேதான். யார் வீட்டிலோ கோழி வாட்டுகிறார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். பட்டப்பகலில், ஊரே சாமைக் காட்டுக்குப் போயிருக்கும் நேரத்தில், யார் கோழி வாட்டப் போகிறார்கள்? வாட்டப்படுவது என் தலைதான் என்று அப்புறம் தெரிந்தது.

தலையில் தீக்காயம் பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். காய்ச்சலிலோ வேறு நோயிலோ முடி கொட்டிப் போனவர்களும் படிக்கலாம். கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நீங்கள் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் திருப்பி வைக்கக் கண்ணாடி இல்லை. தண்ணீர்ப் பானைக்குள் குனிந்து பார்க்காமல் இருந்தேன், அவ்வளவுதான். புத்தி சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். நடுவில் சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். எனக்கும் இப்போதெல்லாம் வருகிறது.

நான் கொல்லிமலையில் தேவனூர் நாட்டில் பிறந்தவள், எடப்புளி நாட்டில் வாழ்க்கைப்பட்டவள். மலையில் வெள்ளைக்காரத் துரைகள் காப்பித் தோட்டம் வைத்திருந்த காலம் அது. எங்கள் ஊரில் கொஞ்ச காலம் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஒரு மழையில் கூரை போனது, கூரையோடு வாத்தியாரும் போனார். அதற்குள் நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருந்தேன்.

எனக்கு அப்பா அம்மா வைத்த பெயர் பொன்னாயி. கல்யாணம் ஆகிப் போன வீட்டில் என் மாமியார் பெயரும் பொன்னாயி. எங்கள் பக்கத்தில் மாமியார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது. பெற்ற பிள்ளைகளும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மாமியாரைக் கூப்பிட்டது போல ஆகிவிடும். ஆகவே நான் வாசலில் கால் வைத்த அன்றே வீட்டுக்கு ஒரு பிரச்சினை வந்து சேர்ந்தது.

அதை என் தலையே தீர்த்து வைத்தது. அந்த வீட்டில் எல்லாருக்கும் கோரைப்புல் போல நேரான முடி. எனக்கோ சீப்பு போனால் திரும்பி வராத சுருட்டை முடி. என் வீட்டுக்காரரின் அக்காவை நான் நங்கை என்று கூப்பிடுவேன். எங்கள் பக்கத்தில் நாத்தனாருக்கு அதுதான் முறை. புருஷனை இழந்து பிறந்த வீட்டோடு வந்துவிட்டவர், வாய்த் துடுக்குக்காரர். அவர் என் தலையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல என்ன பேரு வேணும்? சுருட்டைன்னே கூப்புடலாம்" என்றார். அன்று முதல் நான் சுருட்டை.

மாமியார் கூப்பிட்டாலும் சுருட்டை, பக்கத்துக் காட்டுக்காரர் கூப்பிட்டாலும் சுருட்டை. "சுருட்டை, கஞ்சி கொண்டா", "சுருட்டை வந்துட்டாளா?" அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிடிக்கவில்லை என்று பொய் சொல்லியிருப்பேன்.

ஆனால் அந்தப் பெயருக்கு என்னைவிட மூத்த சொந்தக்காரர் ஒருவர் மலையில் இருந்தார். கற்களுக்கு அடியில் கிடக்கும் சின்ன விரியன். முழங்கை நீளம்தான் இருக்கும். கோபம் வந்தால் உடம்பை மடித்து உரசிச் சத்தம் போடும். அதையும் நாங்கள் சுருட்டை என்றுதான் சொல்வோம். விளக்கு வைத்த பிறகு பாம்பைப் பூச்சி என்போம். பகலில் பேர் சொல்லியே கத்துவோம்.

சாமை அறுப்பின்போது ஒரு நாள் சரிவின் மேல்தட்டில் இருந்த ஒருவர் "சுருட்டை! சுருட்டை!" என்று கத்தினார். நான் அப்போது கீழே ஓடையில் கலயம் கழுவிக்கொண்டிருந்தேன். நங்கை நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. "வரட்டும், வரட்டும். பசி உசுரு போகுது" என்று சொல்லிக்கொண்டே அடுத்த சாமைக்கதிர்க் கட்டைத் தூக்கக் கையை நீட்டினார். கட்டுக்கு அடியில் இருந்தது நான் அல்ல.

நங்கை பிழைத்தார். பச்சிலை கொடுத்தவரின் கைராசியோ அவருடைய ஆயுள் கெட்டியோ, எதுவென்று தெரியாது. வலது கை தோள் வரை வீங்கி, கறுத்து, மெல்ல வடிந்தது. கடைசி இரண்டு விரல்கள் மட்டும் மடங்காமல் குச்சி போல நின்றுவிட்டன.

யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் வினை. யாராவது நன்றாகத் திட்டியிருந்தால் நானும் நாலு சொட்டு அழுது தீர்த்திருப்பேன், இரும்பைத் தொட்டிருக்க மாட்டேன். அவர்கள் திட்டவில்லை. கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். சுருட்டை என்ற சொல் அந்த வீட்டில் செத்துப் போனது. பொன்னாயி என்று சொல்லவும் வழியில்லை. "ஏ புள்ளே", "இந்தா", "அங்க யாரு?" இப்படித்தான். என் வீட்டுக்காரர் கனைப்பார், நான் திரும்ப வேண்டும். வீட்டு நாய்க்குக் கூட மணி என்று ஒரு பெயர் இருந்தது.

பெயர் இல்லாமல் ஒரு வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். சோறு கிடைக்கும், பாய் கிடைக்கும். ஆனால் உன்னைத் தேடி ஒரு சத்தம் வராது. மாதங்கள் போகப் போக, நான் அந்த வீட்டுக்கு இரவல் வந்தவள் போல ஆகிவிட்டேன். அம்மா வீட்டுக்கே திரும்பிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்போது எனக்குத் தோன்றிய யோசனை இது. பெயர் வந்தது முடியால். முடி நேராகிவிட்டால் அந்தப் பெயருக்கு இடமில்லை. வேறு பெயர் வைத்துத்தானே ஆக வேண்டும்? கோரை என்று வைத்தாலும் சரி, எனக்கு ஒரு பெயர் வேண்டும். மொட்டை அடித்தால் முளைப்பதும் சுருட்டைதான். ஆகவே இருக்கிற முடியை நேராக்குவது என்று முடிவு செய்தேன்.

விளக்கெண்ணெயை ஊற்றி ஊற்றி வாரினேன். ஈரத்தோடு பின்னி, நுனியில் கல்லைக் கட்டிக்கொண்டு சாணி தட்டினேன். கழுத்து வலித்தது, முடி அசையவில்லை. பிறகு சந்தையில், துரை பங்களாவில் வேலை செய்யும் ஆயா ஒருத்தி பேச்சுவாக்கில் சொன்னாள். துரைசாணி குளித்துவிட்டு வந்ததும் இரும்புக் குறட்டைக் காய்ச்சி, முடியை அதில் பிடித்து இழுப்பாளாம். "அப்புறம் பாக்கணுமே முடிய, அம்புட்டு அழகு" என்றாள்.

எதற்காக அப்படிச் செய்கிறாள் என்று நான் கேட்கவில்லை. அது எனக்குத் தெரிந்தது வெகுநாள் கழித்து, ஆஸ்பத்திரியில். துரைசாணிக்கு நேரான முடி. அதைச் சுருட்டை ஆக்கிக்கொள்வதற்காக அவள் இரும்பைக் காய்ச்சினாள். மலைக்கு அந்தப் பக்கம் அவள் சுருட்டை வேண்டும் என்று காய்ச்ச, இந்தப் பக்கம் நான் வேண்டாம் என்று காய்ச்சியிருக்கிறேன். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று இதைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

எங்கள் வீட்டில் அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் நீளக் குறடு ஒன்று இருந்தது. தலை நிறைய விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டேன். சூடு தாக்காமல் இருக்க எண்ணெய் உதவும் என்று நினைத்தேன். இதுதான் நான் செய்த பெரிய மடத்தனம். எண்ணெய் காயும் என்று தினம் சட்டியில் பார்க்கிறவளுக்குத் தலையில் காயும் என்று தோன்றவில்லை. குறட்டை அடுப்பில் காய்ச்சி, இடது காதுக்கு மேல் முதல் கொத்தை அதில் பிடித்து இழுத்தேன். அப்போதுதான் அந்தக் கோழி நாற்றம். கையை எடுப்பதற்குள் காய்ந்த எண்ணெய் முடி வழியாக இறங்கி மண்டைத் தோலில் பரவிவிட்டது.

தண்ணீரை ஊற்றியிருக்க வேண்டும். தீக்காயம் பட்டால் குளிர்ந்த தண்ணீர், வேறு எதுவும் வேண்டாம். டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சாணிச் சாம்பலைப் பச்சிலைச் சாற்றில் குழைத்து அப்பினேன். அதற்கு மேல் பழைய சேலைத் துணியை இறுக்கிச் சுற்றினேன். காட்டிலிருந்து வந்தவர்கள் கேட்டபோது மண்டையிடி என்றேன். பெயரில்லாதவளின் மண்டையிடியை யார் அவிழ்த்துப் பார்க்கப் போகிறார்கள்?

சில நாட்களில் துணிக்கு அடியில் துடிப்பு தொடங்கியது. பிறகு காய்ச்சல், அதற்குப் பின் வீக்கம். வீக்கம் தலையிலிருந்து தண்ணீர் வடிவது போல நெற்றிக்கு இறங்கியது, அங்கிருந்து இமைகளுக்கு. ஒரு காலையில் விழித்தேன், விடியவில்லை. இரண்டு கண்ணும் மூடிக்கொண்டிருந்தன.

நங்கைதான் துணியை அவிழ்த்தார். மடங்காத விரல்கள் என் கன்னத்தில் இடித்ததால் அவர் என்று தெரிந்தது. கடைசிச் சுற்று தோலோடு ஒட்டியிருந்தது. அதோடு நிறுத்திவிட்டார்.

"என்னடி பண்ணித் தொலச்ச?"

"முடிய நேராக்குனனுங்க."

"எதுக்கு?"

"பேரு போகட்டும்னுங்க."

அவர் எழுந்து போய்த் தன் தம்பியிடம், "மூங்கில் வெட்டு. கீழ கொண்டு போகோணும்" என்றார்.

மூங்கிலில் போர்வையைக் கட்டித் தூளியாக்கி என்னைத் தூக்கிக்கொண்டு காரவள்ளிப் பாதையில் இறங்கினார்கள். செங்குத்தான இடங்களில் தூளியை இறக்கி என்னை நடத்திக் கூட்டிப் போனார்கள். மழை விட்டிருந்த காலம், பாதை முழுக்க அட்டை. காலில் ஏறியதை நான் உணரவே இல்லை. தலையின் வலி மற்ற வலிகளுக்கு இடம் கொடுக்கவில்லை.

அடிவாரத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. கண் தெரியாததால் அதை நான் காதாலும் மூக்காலும்தான் பார்த்தேன். பினாயில் நாற்றம், வாளிச் சத்தம், நீளமான தாழ்வாரம் ஒன்றில் செருப்புகள் போய் வரும் ஒலி. டாக்டரின் குரல் மலைப் பக்கத்துக் குரல் அல்ல, தஞ்சாவூர்ச் சீமைப் பேச்சு. என்னைப் பெஞ்சியில் படுக்க வைத்தார்கள். நங்கையைத் தாழ்வாரத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

"என்ன ஆச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

என் வீட்டுக்காரர் நல்லவர். ஆனால் வெட்கக்காரர். பெண்டாட்டி தலைமுடியை இரும்பில் பிடித்து இழுத்தாள் என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வார்? பாதி முழுங்கிவிட்டு, "சுருட்டைங்க. அதனால வந்ததுங்க" என்றார்.

"சுருட்டையா?" டாக்டரின் நாற்காலி நகர்ந்தது. "எப்போ?"

"நாலஞ்சு நாளாச்சுங்க."

"நாலஞ்சு நாளா! இவ்வளவு நாள் என்னய்யா பண்ணிண்டிருந்தே? விஷம் முகம் வரைக்கும் ஏறியிருக்கே!"

"ஆமாங்க" என்றார் என் வீட்டுக்காரர். புண்ணில் ஏறிய விஷத்தைத்தான் டாக்டர் சொல்கிறார் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வாயைத் திறந்து பார்த்தார்கள். காய்ச்சலில் நான் உதட்டைக் கடித்திருந்தேன், ஈறெல்லாம் ரத்தம். பிறகு கால்களைப் பார்த்தார்கள். வலது காலில் அட்டை கடித்த இடம் ஒழுகிக்கொண்டே இருந்தது. அட்டை கடித்தால் ரத்தம் சட்டென்று நிற்காது, மலையில் எல்லாருக்கும் தெரியும். விரியன் கடித்தாலும் நிற்காது, அது டாக்டருக்குத் தெரியும். "இங்கேதான்" என்று அவர் சொன்னது கேட்டது. கத்தி வைத்துக் கீறி, பொட்டாசியம் பர்மாங்கனேட் (தண்ணீரில் கத்திரிப்பூ நிறமாகக் கரையும் கிருமிநாசினி) பொடியை வைத்துத் தேய்த்தார்கள். அந்தக் காலத்தில் பாம்புக்கடிக்கு அதுதான் வைத்தியம். நான் போட்ட சத்தத்தில் தாழ்வாரச் செருப்புகள் எல்லாம் நின்றன.

வீங்கிய உதட்டோடு எப்படியோ சொல்லிவிட்டேன்: "நாந்தாங்க சுருட்டை."

"ஆமாம்மா, ஆமாம். சுருட்டைதான், தெரிஞ்சுபோச்சு. அசையாம இரு" என்றார் டாக்டர்.

அப்போதுதான் கதவு திறந்தது. யாரோ தடுத்த சத்தம், அதை மீறி நங்கையின் குரல்.

"சாமி, நிறுத்துங்க! அவளையச் சுருட்டை கடிக்கலீங்க. அவதாங்க சுருட்டை! கடி வாங்குனவ நானு. இந்தாங்க, பாருங்க என்ற கைய. இவளுக்குத் தலைங்க, தலையப் பாருங்க!"

டாக்டர் மெதுவாகத் தலைத் துணியில் கை வைத்தார்.

அவர் என்ன செய்தார் என்பதில் அந்தக் கணத்தில் எனக்கு அக்கறை இல்லை. அறுப்புக் காலத்தில் செத்துப் போன சொல்லை நங்கை இத்தனை பேர் நடுவில் கத்திச் சொல்லியிருந்தார். அவதாங்க சுருட்டை. நான் அழுதேன். கண்ணீர் வெளியே வர வழியில்லாமல் இமைக்குள்ளேயே நின்று எரிந்தது.

நோய்க்குப் பெயர் செல்லுலைட்டிஸ் (தோலுக்கு அடியில் கிருமி பரவி வீங்குவது). தீப்புண் அழுகி, அங்கிருந்து முகத்துக்கு இறங்கியிருந்தது. இன்னும் இரண்டொரு நாள் விட்டிருந்தால் மூளைக்குப் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். இப்போது போல ஊசி மருந்தெல்லாம் அப்போது இல்லை. கழுவுவதும் கட்டுவதும்தான் மருந்து.

தலையை முழுக்க மழித்தார்கள். காலையில் டிரெஸ்ஸிங் (புண்ணைக் கழுவி, செத்த தோலை எடுத்து, புதுத் துணி கட்டுவது). பஞ்சு பட்டதும் நான் பெஞ்சியின் விளிம்பைப் பிடித்துக்கொள்வேன். தள்ளுவண்டியின் சக்கரம் தாழ்வாரத்தில் கிறீச்சிடும்போதே போர்வைக்குள் புகுந்துகொள்வேன். உங்களில் பலரும் அப்படித்தான் செய்வீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வண்டி வருவதற்கு முன்னால் கத்தித் தீர்த்துவிடுவது எனக்கு உதவியது. கம்பவுண்டருக்கு அது பிடிக்கவில்லை. அவர் தலையா வெந்தது?

வீக்கம் வடிந்து கண் திறந்தபோது முதலில் தெரிந்தது ஓட்டுக் கூரை. அடுத்து நங்கை. அவர் மலைக்குத் திரும்பவே இல்லை. தரையில் பாய் போட்டுக்கொண்டு அங்கேயே கிடந்தார். மடங்காத விரல்களோடு எனக்குக் கஞ்சி ஊட்டுவார். பாதி என் கழுத்தில் போகும்.

ஒரு பகலில் கேட்டேவிட்டேன். "என்ற மேல கோவமுங்களா?"

"எதுக்குக் கோவம்?"

"பேரச் சொல்லிக் கூப்புடறதே இல்லீங்களே."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "கோவமெல்லாம் இல்ல கண்ணு. அந்தச் சொல்லு வாயில வந்தாவே இந்தக் கை வலிக்குது. சொல்லாம இருந்தா வலிக்கறதில்ல. அவ்வளவுதான். நான் சொல்லலீன்னு மத்தவங்களும் உட்டுட்டாங்க."

"பின்ன அன்னைக்கு டாக்டருகிட்டச் சொன்னீங்களே?"

"வலிச்சுது. நல்லாவே வலிச்சுது. அதுக்காக, கடிக்காத பாம்புக்கு உன்ற கால வெட்ட உட்டுட்டு நிக்க முடியுமா?"

என்னைத் திட்டவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் முழுவதும் அவர் ஒரு வலியை ஒளித்துக்கொண்டிருந்திருக்கிறார். நானும் துணிக்கு அடியில் ஒன்றை ஒளித்தேன். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு. நோய் வந்தால் உடம்பைக் காட்டுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். எது வலிக்கிறது என்றும் வாய் திறந்து சொல்லுங்கள். நான் சொல்ல வந்ததில் இது ஒன்றைத்தான் புத்தி என்று சொல்லலாம்.

டாக்டரிடம் முடி திரும்ப வருமா என்று கேட்டேன்.

"வேர் கருகின இடத்துல வராது. காதுக்கு மேல ஒரு வில்லை அளவு மொழுக்கையாவே இருக்கும். மத்த இடமெல்லாம் வரும்."

"நேராங்க வரும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, இன்னும் அந்த ஆசை போகலியா?" துரைசாணியின் குறட்டுக்கு அர்த்தம் சொன்னவர் அவர்தான். அவர் சொல்லி முடித்ததும் நாங்கள் இருவரும் சிரித்தோம். சிரித்தால் தலைத்தோல் இழுத்து வலிக்கும், வலித்துக்கொண்டே சிரித்தேன். போகும்போது என் வலது காலைக் காட்டி, "அது மட்டும் என் தப்பு. மன்னிச்சுக்கணும்" என்றார். ஒரு டாக்டர் மலைக்காரியிடம் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "பரவாயில்லீங்க, பாம்புக்கு எங்க ஊட்டுல எல்லாரும் ஒண்ணுதான்" என்று உளறி வைத்தேன்.

மொட்டைத் தலையோடு மலை ஏறினேன். புருஷன் இருக்கும்போது தலை மழித்த பெண்ணை ஊர் என்ன சொல்லும் என்று வழியெல்லாம் பயம். மாமியார் வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எவளாச்சும் கேட்டா, பெரியசாமிக்கு முடி நேந்துட்டு இருந்தேன்னு சொல்லு. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது. உள்ள வா சுருட்டை, கஞ்சி ஆறுது" என்றார். நங்கை முன்னமே சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். உள்ளே போய் அடுப்பைப் பார்த்ததும் வாசலுக்கே திரும்பி வந்துவிட்டேன். அந்தப் பயம் போக இன்னும் ஒரு மழைக்காலம் ஆனது. அதுவரை மாமியாரே அடுப்பு மூட்டினார். எரியும்போது வரும் வாசனைகளில் கோழி இறகை மட்டும் இன்றுவரை என்னால் தாங்க முடிவதில்லை.

முடி வந்தது. முதலில் பூனை மயிர் போல மெல்லியதாக, நேராகவே வந்தது. வாழ்நாளில் நான் கேட்டது கடைசியில் கிடைத்துவிட்டது என்று ஊர் சிரித்தது. எனக்குள் ரகசியமாக ஒரு சந்தோஷம் கூட இருந்தது, மறைக்க மாட்டேன். அடுத்த சாமை கதிர் வாங்கும் சமயத்தில் நங்கை எனக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று நிறுத்தி, பிடரி முடியை இழுத்துவிட்டுப் பார்த்தார். அது திரும்பிச் சுருண்டுகொண்டது.

"வந்துட்டாடி!" என்று கத்தினார். எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். சந்தோஷம் கொஞ்சம் தாமதமாக, நடந்து வந்து சேர்ந்தது.

இப்போது என் உடம்பு முன்னிருந்த உடம்பு அல்ல. காதுக்கு மேலே இருக்கும் மொட்டை வில்லைக்கு வெயிலும் பனியும் எல்லாருக்கும் முந்தித் தெரியும். மலையில் மூடுபனி இறங்குவதைக் கண் பார்ப்பதற்கு முன் அந்த இடம் சொல்லிவிடும். வலது காலில் கத்தி வைத்த தழும்பு மழைக்கு முன்னால் அரிக்கும். கடிக்காத பாம்பின் தழும்பு அது. காலமும் மாறிவிட்டது. முன்பெல்லாம் அறுப்பு எப்போது என்று முன்னால் பார்த்து ஓடுவேன். இப்போது ஒரு நாள் முழுசாக வந்து முழுசாகப் போகிறது. சீப்பு முடியில் மாட்டிக்கொண்டால் அவசரப்படுவதில்லை. அது வரும்போது வரட்டும்.

பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொல் திரும்பி வந்துவிட்டது, பாம்பும் மலையை விட்டுப் போகவில்லை. ஆகவே எங்கள் காட்டில் ஒரு வழக்கம் தானாக உண்டானது. யாராவது "சுருட்டை!" என்று கூப்பிட்டால், வேலை செய்கிற அத்தனை பேரும் கையையும் காலையும் தூக்கிக்கொண்டு அப்படியே நிற்பார்கள். நங்கை மடங்காத விரல்களை மார்போடு சேர்த்துக்கொள்வார். எல்லாரும் காத்திருப்பார்கள்.

நான் எங்கிருந்தாலும், "நாந்தானுங்க!" என்று குரல் கொடுக்க வேண்டும். என் சத்தம் கேட்ட பிறகுதான் கால்கள் தரைக்கு இறங்கும். கேட்காவிட்டால் ஓட்டம்.

காய்ச்சலில் படுத்தாலும், கோபத்தில் பேசாமல் இருந்தாலும், இந்த ஒன்றுக்கு மட்டும் நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஒரு நாள் நான் போய்ச் சேர்ந்துவிடுவேன், கூப்பிட்டும் என் சத்தம் வராது. அன்றைக்கு என்ன செய்வதென்று நங்கையிடம் கேட்டேன்.

"நீ சொல்ற வரைக்கும் கால கீழ வெக்க மாட்டேன் போ" என்றார்.